நகம் தட்டிய இடம்

இன்று பண்டாரவளையில் பஸ்ஸுக்கு நின்றபோது, பக்கத்துக் கராஜிலிருந்து பெயின்ட் கரைக்கும் தின்னர் வாசம் வந்தது. பஸ்ஸை விட்டுவிட்டேன்.

உன் மேல் அந்த வாசம் அடித்தது ஒரே ஒரு நாள். உன்னை நினைத்தால் அதுதான் வருகிறது.

நான் பல்கலைக்கழக விடுமுறையில் வந்திருந்தேன். நீ டவுன் முதலாளி ஒருவரின் வெள்ளைக் காரை வருடக் குத்தகைக்கு எடுத்து, ஆள் ஏற்றி ஹயர் ஓடினாய். கீறல் இல்லாமல் திருப்பிக் கொடுத்தால் இன்னொரு வருடம் தருவதாகச் சொல்லியிருந்தார். தேயிலைத் தோட்டத்து ரோட்டில் ஏற்றக்கூடாது. அதுதான் நிபந்தனை. கார் கையை விட்டுப் போனால் வெளிநாட்டு வேலைதான். உனக்குப் போக மனமில்லை.

என் அக்காவுக்குப் பிரசவ வலி எடுத்த காலையில் தோட்டத்து லொறி பழுதாகிக் கிடந்தது. ஓடி வந்து சொன்னேன். நீ சாவியை எடுத்தாய். காரை ஏற்றினாய்.

கவ்வாத்து வெட்டிய மலை. வெட்டுப்பட்ட தேயிலைக் கட்டைகள் ரோட்டுக்கு நீட்டிக்கொண்டு நின்றன. வளைவுக்கு வளைவு கிறீச். அக்காவின் கத்தல். எது எதன் சத்தமென்று தெரியவில்லை.

பதுளை ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை. இருவரும் பிழைத்தார்கள்.

மறுநாள், குத்தகையின் கடைசி நாள், எங்கள் லயத்து வீட்டுக்கு முன்னால், கார்க் கதவோரம் குந்தியிருந்தோம். ஒவ்வொரு கீறலிலும் நகத்தை ஓட்டினாய்.

"நகம் தட்டலன்னா பொலிஷ்ல போயிரும். தட்டுனா பெயின்ட் வைக்கணும். இதுகூடத் தெரியாமலா கெம்பஸ்ல சோறு போடுறாங்க, தொர?"

"ஒனக்கு மட்டும் தெரியுமாக்கும்."

"நேத்து கராஜ்ல கேட்டேன்டா."

பெயின்ட்டைத் தின்னரில் கலக்கி, தீக்குச்சி முனையால் வைத்தோம். பனி. காயவில்லை. வாயால் ஊதினோம். காய்ந்ததும் வாட்டர் பேப்பர் உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தோம். மத்தியானம் கடைசிக் கதவும் தேறியது. நீ சிரித்தாய். டீ குடிக்கக் கடைக்குப் போனோம்.

திரும்பியபோது என் அம்மா காருக்கு முன்னால் நின்றாள். கையில் தேங்காய் நார். காலடியில் சாம்பலும் மணலும். அடிப்பிடித்த பானையைத் தேய்ப்பதுபோல் முன்பக்கம் முழுக்கத் தேய்த்து, சந்தனப் பொட்டும் வைத்திருந்தாள்.

"சேறு அப்பிக் கெடந்துச்சு தம்பி. எம்புள்ளயக் காப்பாத்துன வண்டி. சும்மா குடுக்கலாமா?"

வட்ட வட்டமாகக் கீறல்கள். நீ நகத்தை ஓட்டினாய். தட்டியது. மறுபடி ஓட்டினாய்.

"ஆமாங்கம்மா," என்றாய். "பளபளன்னு இருக்கு."

அம்மா உள்ளே போனதும் தேய்க்கத் தொடங்கினோம். பொலிஷ் டின் காலி. நான் வெறுந்துணியால் தேய்த்துக்கொண்டே இருந்தேன். "போதும்டா," என்று என் கையைப் பிடித்தாய்.

அன்று மாலை காரைத் திருப்பிக் கொடுத்தபோது முதலாளி கதவுப் பக்கம் போகவே இல்லை. முன்னாலேயே நின்றார்.

"என்னடா இது?"

"கழுவுறப்போ மணல் பட்டுருச்சுங்க."

சாவியை வாங்கிக்கொண்டார்.

"ஆஸ்பத்திரிக் கதையச் சொல்லியிருக்கலாமேடா?" வழியில் கேட்டேன்.

"சொன்னா யாரு தேச்சதுன்னும் சொல்லணும். அம்மா காதுக்குப் போயிரும்டா."

வெளிநாடு போனாய். சவப்பெட்டியில் வந்தாய். திறக்க விடவில்லை. மூடியில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். எங்கும் தட்டவில்லை.

அக்கா மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அவளுக்குத் தலை வாரும்போதெல்லாம் அம்மா உன்னைப் பற்றிச் சொல்கிறாள்.

"அந்தத் தம்பிக்கு நாம ஒண்ணுமே செய்யல. வண்டியையாச்சும் தேச்சுக் குடுத்தேன். நல்லாத்தானே இருந்துச்சு?"

அவள் முகத்தைப் பார்க்காமல் சொல்கிறேன்.

"ஆமாம்மா. பளபளன்னு இருந்துச்சு."