கயலுக்கு நீ நடத்திய வெள்ளிக்கிழமைப் பாடம்

அம்மா,

சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவியும் என் நகங்களில் களிமண் வாசனை போகவில்லை. மத்தியானம் தோட்டத்துக் குழாயடியில் தோண்டிய மண். பாத்ரூம் விளக்கை மட்டும் போட்டு, கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வெளியே அத்தை தூங்குகிறார். அவர் பக்கத்தில் உன் சின்ன மகள் கயல். அவளுடைய துணிகள் ஒரு பையில் அடுக்கித் தயாராக இருக்கின்றன. அப்பா மத்தியான ஷிப்டுக்குப் போனவர், ஆள் வரவில்லை என்று நைட்டும் சேர்த்துப் பார்க்கிறார். விடிந்து அவர் வந்ததும் சொல்லிவிட்டு, கயலைத் தன்னோடு நெல்லிக்குப்பத்துக்குக் கூட்டிப்போய் அங்கேயே பள்ளியில் சேர்ப்பதாக அத்தை முடிவு செய்துவிட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது. நீ போன பிறகு இந்த குவார்ட்டர்ஸில் நான் பள்ளி விட்டு வரும்போது வாசலுக்கு ஓடி வருவது அவள் ஒருத்திதான்.

யூ.கே.ஜி.யில் அவளுக்கு மூச்சிழுப்பு அதிகமாகி ஆஸ்பத்திரியில் சேர்த்தோமே, அதற்குப் பிறகுதான் நீ அவளைப் பள்ளிக்கு அனுப்புவதை நிறுத்தினாய். "மொதல்ல மூச்சு சரியாவட்டும். எழுத்து எங்கயும் ஓடிப்போயிடாது" என்றாய். வீட்டுக்குப் பின்னால் பூவரச மரத்தடியில் உங்கள் வகுப்பு நடந்தது. அப்பா வேலை பார்க்கும் அனல்மின் நிலையத்திலிருந்து பறந்து வந்து இலைகளின் மேல் படிந்திருக்கும் சாம்பலை ஈரத்துணியால் துடைத்த பிறகுதான் அவள் தொடலாம். ஒருநாள் நீ துடைப்பதற்குள் அவள் அந்தச் சாம்பலைத் தொட்டு நெற்றியில் மூன்று கோடு போட்டுக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். நீ திட்டவில்லை. அதே துணியால் நெற்றியைத் துடைத்துவிட்டு, அது கரண்ட் எடுத்த சாம்பல், சாமி கொடுத்தது இல்லை என்றாய். கரண்டை யார் கொடுத்தது என்று அவள் கேட்டாள். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா தலையைத் தூக்காமலேயே சொன்னார்: "நான்தான் குடுத்தேன். ரசம் கொஞ்சம் ஊத்து."

வெள்ளிக்கிழமைகளில் சாமிப் பாடம். கீழே விழுந்தது எதுவாக இருந்தாலும் அதை எடுத்து வந்து, "இதுல இன்னா தெரியுது ஒனக்கு?" என்று முதலில் அவளைக் கேட்பாய். வேப்பிலையை நிமிர்த்திப் பிடித்து முருகனின் வேல் என்பாள். தூங்குமூஞ்சி மரத்துப் பூவைப் பார்த்து மயிலின் கொண்டை என்பாள். எதிர் குவார்ட்டர்ஸ் ஆன்ட்டி குருத்தோலையில் சிலுவை மடிக்கச் சொல்லிக்கொடுத்தபோது அதையும் வேலுக்குப் பக்கத்திலேயே வைத்தாள். சாமி வேறயாச்சே என்று நான் கேட்டேன். ஓலை நம்ம மரத்து ஓலைதானே என்றாய் நீ.

நீ போன பிறகு அந்தப் பாடத்தை நான்தான் நடத்துகிறேன். அத்தை சீரியல் பார்க்கும் நேரத்தில் நடக்கும். அவருக்கு இது பிடிக்காது. இலையும் தழையும் பொறுக்கிக்கொண்டு நின்றால் எழுத்து எப்படி வரும் என்பார்.

இன்று பிள்ளையார் சதுர்த்தி. வருஷம் திரும்பாத வீட்டில் பண்டிகை கூடாது என்று அத்தை காலையிலேயே சொல்லிவிட்டார். கொழுக்கட்டை இல்லை. பக்கத்து வீட்டில் பிள்ளையாருக்குக் குடை வைத்திருந்ததைக் கயல் கேட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே நின்றாள். பிறகு என்னிடம் வந்து மண் வேண்டும் என்றாள். என்ன செய்யப்போகிறாய் என்று நான் கேட்கவில்லை. தோண்டிக் கொடுத்துவிட்டு டியூஷனுக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது அத்தை பின்வாசலில் உட்கார்ந்திருந்தார். துவைக்கிற கல்லின் மேல் ஒரு மண் உருவம், இரண்டு குன்றிமணிக் கண்களோடு. அத்தை கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. போனில் அப்பாவிடம் மெதுவாகத்தான் பேசினார். "தீட்டு வூட்டுல புள்ளையார் புடிச்சி வெச்சிக்கினு கும்புடுது தம்பி. கேட்டா பெரியவ மண்ணு குடுத்தாளாம். ரெண்டும் பொட்டப் புள்ளைங்க, நீ ஷிப்டு ஷிப்டுனு போயிடற. நான் எத்தினி நாளு வூட்ட வுட்டுட்டு இங்க கெடக்கறது? சின்னத நான் இட்டுக்கினு போறேன்." காலையில் வந்து பேசுகிறேன் என்று அப்பா சொன்னாராம்.

போனை வைத்த பிறகுதான் கயல் வாயைத் திறந்தாள்.

"இதுக்குத் தும்பிக்க எங்க இருக்கு அத்த? இது அம்மா."

நான் குனிந்து பார்த்தேன். தும்பிக்கை இல்லைதான். மூக்கின் ஓரத்தில் ஒரு கடுகு, மூக்குத்தி. பின்னால் கொண்டை. அத்தை அந்த மூக்குத்தியை விரலால் தொட்டுப் பார்த்தார். மனசு மாறிவிடுவார் என்று நினைத்தேன். "அதுக்குத்தான் சொல்றேன். இங்கியே இருந்துச்சின்னா இந்தப் புள்ள இத்தையே செஞ்சிக்கினு கெடக்கும்" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பையை எடுக்க உள்ளே போனார். அவர் கெட்டவர் இல்லை அம்மா. எனக்கும் அவர் சொன்னது சரியாக இருக்குமோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

அப்புறம் நடந்ததை அத்தை பார்க்கவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் கயல் ஒரு பக்கெட்டில் தண்ணீர் பிடித்தாள். வெள்ளிக்கிழமைச் சாமிகளை நீ பொழுது சாயும்முன் மண்ணிலோ தண்ணீரிலோ சேர்த்துவிடுவாய் அல்லவா? யாரும் சொல்லாமலேயே அவள் அந்த உருவத்தை இரண்டு கையாலும் தூக்கித் தண்ணீருக்குள் இறக்கினாள். குன்றிமணியையும் கடுகையும் பொறுக்கி என் கையில் கொடுத்தாள். கலங்கிய தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினாள். அழவில்லை. நான்தான் அழுதேன். "இன்னொரு நாளு செஞ்சிக்கலாங்க்கா" என்றாள்.

அவள் இதிலேயே கிடக்க மாட்டாள் என்று எனக்கு அப்போது தெரிந்தது. செய்யவும் தெரிகிறது, கரைக்கவும் தெரிகிறது. அப்பாவுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும். என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

பெரியவர்கள் பேசும் இடத்தில் நான் பேசியதே இல்லை. ஆனால் நீ அப்பாவிடம் பேசிய அந்த நாளை யோசித்துக்கொண்டிருக்கிறேன். கயலைப் பள்ளியிலிருந்து நிறுத்தக் கூடாது, ஊர் சிரிக்கும் என்று அவர் சத்தம் போட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். உன் கையில் இருந்த கரண்டி ஆடியது. குரலும் ஆடியது. "அவ மூச்சுக்குத் தவிக்கறப்ப நான் பக்கத்துல இருக்கணுங்க. ஊரு இருக்காது" என்றாய். சொல்லி முடித்துவிட்டுத்தான் அடுப்புப் பக்கம் திரும்பினாய். மறுநாள் அப்பா ஒரு பெட்டி கலர் சாக்பீஸ் வாங்கி வந்தார்.

அப்பா வரும் கம்பெனி பஸ் தெருமுனையில் நிற்கும் சத்தம் கேட்டதும் நான்தான் கதவைத் திறப்பேன். கயல் இங்கேயே இருக்கட்டும், அவளை என் ஸ்கூலிலேயே சேர்த்துவிடுங்கள், காலையில் நான் கூட்டிப்போகிறேன், சாயந்திரம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்வேன். அப்பா என்ன சொல்வார் என்று தெரியாது. உன் புடவைகளையும் வளையல்களையும் அத்தை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். உன்னுடையதில், நடுங்கிக்கொண்டே பேசி முடிப்பது மட்டும் என்னிடம் இருக்கிறது.