சனிக்கிழமை மாத்திரை

திருப்பதி, 12.8.2004

அன்புள்ள நைனாவுக்கு ஹரிதாவின் வணக்கம். நான் நலம். நின்ற தலைசுற்றல் உங்களுக்கு மறுபடி வரவில்லையே?

எங்கள் காலேஜ் லேப் கம்ப்யூட்டர் ஜெயித்துவிட்டது! மூளை நரம்புகள் போலப் பின்னிய புரோகிராமுக்கு நானூறு பேரின் பழக்கங்களைக் கொடுத்தோம். பி.பி. மாத்திரையை யார் விடுவார்கள் என்று கண்டுபிடித்தது. விரதம் மட்டும் இருப்பவர்கள் விடுவதில்லை. உடம்பு தேறியவர்களும் விடுவதில்லை. இரண்டும் சேர்ந்தால் விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்ட ஒரு பெரியவரைக் கேட்டேன். "ஒருபொழுது இருந்துகினு மாத்திர எப்டிமா துன்றது?" என்றார்.

ஆசைக்கு, சனிக்கிழமை விரதம், தலைசுற்றல் நின்றது என்று உங்கள் விவரத்தையும் போட்டேன். விடுவார் என்றது! அம்மாவுக்குப் போன் செய்தேன். "ஆமாண்டி, சனிக்கெழம தொடறதே இல்ல" என்றாள். கம்ப்யூட்டர் சரியாகச் சொன்னதில் கொள்ளை சந்தோஷம். உங்கள் மேல்தான் கோபம். மாத்திரையால் விரதம் கெடாது, நைனா.

லேப் திறந்துவிட்டார்கள், ஓடுகிறேன். தீர்ந்த மாத்திரை அட்டைகளை நான் பார்க்க வேண்டும். பஸ்ஸில் யாரிடமும் கொடுத்தனுப்பாதீர்கள். நீங்களே எடுத்துக்கொண்டு வாருங்கள்.

ஹரிதா