வாசலுக்கு நேரே இருக்கும் ஆணி

அம்மா, உங்கள் கையை எடுத்து என் நெற்றியில் வைத்து ஆசி வாங்கிக்கொண்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மணிலாவில் நான் சுகம்.

போன வாரம் ஒரு வேடிக்கை. வரி அலுவலகத்தில் பெயர் பதியப் போயிருந்தேன். ஜன்னலில் இருந்த பெண் என்னை உற்றுப் பார்த்து, "அட, பழைய ஜீன்ஸைத் தலையில மாட்டிக்கிட்டு, 'எங்கிட்ட வாங்கினா வரியே இல்ல'ன்னு போன்ல லைவ்ல வந்து கத்துறது நீங்கதானே? நானே ரெண்டு வாங்கியிருக்கேன்!" என்றாள். வரிசையே சிரித்தது. "இனிமே அப்படிக் கத்தாதீங்க தங்கச்சி. வீட்ல உக்காந்து வித்தாலும் பதியணும்" என்றாள். எனக்குத் தலை நிமிரவில்லை.

ஆமாம் அம்மா, வங்கி வேலை போய் ஒரு வருஷம் ஆகிறது. இப்போது லைவில் பழைய துணி விற்றுத்தான் பிழைக்கிறேன். தெருவில் எல்லோரிடமும் "எம் பொண்ணு பேங்க்ல இருக்கா" என்று நீங்கள் சொல்வது போனில் கேட்கும்போதெல்லாம் சும்மா இருந்துவிட்டேன். வாயால் சொல்ல முடியாமல்தான் எழுதுகிறேன்.

பதிவுக்கு என் அறையின் சொந்தக்காரி முகவரி தர மாட்டேன் என்றுவிட்டாள். "அப்புறம் வாடகைக்கும் வரி கட்டுன்னு எங்கிட்ட வருவாங்க" என்கிறாள். அதனால் நம் வீட்டு முகவரியைக் கொடுத்தேன். வரிப் பதிவுச் சான்றிதழ் அங்கேதான் வரும்.

கொஞ்சம் கருவாடு அனுப்புங்கள். என் பழைய போர்வையையும். குளிருக்கு இல்லை, சும்மாதான்.

லைவுக்கு நேரமாகிவிட்டது. சான்றிதழை வருகிறவர்கள் கண்ணில் படும்படி மாட்ட வேண்டுமாம். வாசலுக்கு நேரே இருக்கும் ஒரே ஆணியில் என் பட்டமளிப்புப் படம் தொங்குகிறது. அதைக் கழற்றிவிடுங்கள், அம்மா.

மெலித்தா