மைக் இல்லாத யாழ்

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து மூடிவிடுங்கள். படித்தே தீருவேன் என்றால் படியுங்கள், சித்தப்பாவிடம் மட்டும் காட்டாதீர்கள். அம்மாவிடமும். யாரிடமும்.

செவ்வாய். மாலையிலிருந்து தூறல்.

கெமிஸ்ட்ரி ரெக்கார்டு பாதி. இன்று கீரனூர் ஹாலில் ஒத்திகை. சித்தப்பா எழுதிய இசை. திருச்சியிலிருந்து பத்து வயலின், அதற்குப் பெரியண்ணன் மாதிரி இரண்டு செல்லோ. நடுவில் பழங்காலத்து யாழ். அதை வாசிப்பது நான். வீட்டில் வீணை கற்றவள் நான் ஒருத்திதானே. சனிக்கிழமை கச்சேரி.

யாழ் கேட்கவே இல்லை. எனக்கே. முன்வரிசையில் வேடிக்கை பார்க்க வந்த என் வகுப்பு ரெஜினா: "ஏன்டி, கொசு அடிச்சிக்கிட்டு இருந்தியா? கைதான் ஆடுச்சு."

மைக் வைக்கலாமே என்றேன். "ஆயிரம் வருசத்துக்கு முந்தி மைக் வச்சா வாசிச்சாங்க?" என்றார் சித்தப்பா. ஆயிரம் வருசத்துக்கு முந்தி பத்து வயலினும்தான் இல்லை.

திரும்பும்போது பையில் மழை இறங்கி எல்லாருடைய இசைத்தாளும் நாசம்.

புதன். கரண்ட் இல்லை, எட்டு மணிக்கு வந்தது.

இப்போது புரிகிறது. எல்லாவற்றையும் லேப்டாப்பில் ஹெட்போன் மாட்டித்தான் எழுதுகிறார். அதில் யாழின் சத்தத்தை மட்டும் ஏற்றி வைத்திருக்கிறார். அருமையாகத்தான் கேட்கிறது. ஹாலில் எதை ஏற்றுவார்?

சாப்பிடும்போது சித்தப்பா அம்மாவிடம்: "பாப்பா மெதுவா மீட்டுது அண்ணி. சரிவரலன்னா கீபோர்டு பையன்கிட்ட குடுத்துருவேன். அதுலயே யாழ் சத்தம் இருக்கு."

மெதுவாகவாம். விரலில் கொப்புளம்.

பின்குறிப்பு. செய்துவிட்டேன். அவர் தூங்கிய பிறகு லேப்டாப்பைத் திறந்து, யாழ் வருகிற இடமெல்லாம் வயலின் வரிகளை அழித்து, வாசிக்காமல் நிற்கச் சொல்லும் ஓய்வுக்குறி போட்டேன். செல்லோ மட்டும் ஒரே சுரத்தில், தம்பூரா மாதிரி. புதுத்தாள் எடுக்க நாளை ஜெராக்ஸ் கடைக்குப் பென்டிரைவ் கொண்டுபோவது நான்தான்.

வியாழன். மழை விட்டது. ரெக்கார்டு இன்னும் பாதி.

ஒத்திகை. யாழ் வரும் இடம். வயலின் எல்லாம் நின்றது. ஹால் முழுக்க யாழ் மட்டும், நரம்பில் என் விரல் உரசுவதுகூட. ரெஜினா திறந்த வாயை மூடவில்லை.

எதிரே நின்று தாளம் காட்டிய கையைச் சித்தப்பா இறக்கிவிட்டார். "ஏங்க, யாரு ஒங்கள நிறுத்தச் சொன்னா?"

வயலின் அக்கா: "தாள்ல ஓய்வுன்னு போட்டுருக்கீங்களே சார்."

வாங்கிப் பார்த்தார். புரட்டினார். என்னைப் பார்த்தார். "மறுபடி மொதல்லேருந்து" என்றார், அவ்வளவுதான்.

ஆவூரில் வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டு, லேப்டாப்போடு அவர் அறைக்குள் போய்விட்டார். சாப்பிடவும் வரவில்லை. வயலினை மறுபடி போட்டுவிடுவாரா? யாழை அந்தப் பையனிடம் கொடுத்துவிடுவாரா? திட்டியாவது தொலைக்கலாம்.

கதவைத் தட்டுகிறார்.

"தூங்குற மாதிரி நடிக்காத, லைட்டு தெரியுது. வயலினை எடுத்தவ, இன்னும் எத எத எடுக்கணும்னு இங்கிட்டு வந்து சொல்லிட்டுப் போ."

கதவிடுக்கில் லேப்டாப் வெளிச்சம். நோட்டை எங்கே