யாவராட் தெருவில் ஒரு கோப்பை சூப்

ஒரே பாயில் என்னோடு முதுகு ஒட்டிப் படுத்த தம்பி அன்ரனுக்கு,

கேட்டால் சிரிப்பாய். போன மாதம் பாங்கொக்கில் ஒரு மஞ்சள் குடைக்குப் பின்னால் மூன்று மணித்தியாலம் நடந்தேன். சாப்பாடு காட்டுகிற நடையாம். நானும் நீயும் தலையைக் குனிந்துகொண்டு போன அதே யாவராட் தெரு. இப்போது வெளிநாட்டுக்காரர் தொப்பி போட்டுக்கொண்டு வந்து, கடைக்குக் கடை ஒரு வாய் தின்று, படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். எனக்கே வெட்கமாக இருந்தது.

எல்லாம் என் மகளின் வேலை. யாழ்ப்பாணத்தில் அக்காவைப் பார்த்துவிட்டு ஒக்லாந்து திரும்பும் வழியில் அங்கே ஒரு நாள் தங்க வேண்டியிருந்தது. அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று ஃபோனிலேயே புக் பண்ணிவிட்டாள். நாங்கள் அந்த ஊரில் விசா முடிந்து ஒளித்திருந்தது அவளுக்குத் தெரியும். எந்தத் தெரு என்று தெரியாது. நான் சொன்னதில்லை.

இங்கத்தைய புதினம் கொஞ்சம் சொல்கிறேன். மங்கரே கார்கோ ஷெட்டில் உன்னுடைய ஃபோர்க்லிஃப்டை இப்போது ஒரு சமோவாக்காரர் ஓட்டுகிறார். தங்கமான மனுஷன், ஆனால் ஹோர்னில் இருந்து கையை எடுக்கமாட்டார். நீ அடிக்கிறேன் அடிக்கிறேன் என்று மூன்று வருடம் இழுத்த சமையலறைச் சுவருக்கு உன் மனுசி பிலோ தானே பெயின்ற் அடித்துவிட்டாள். உன்னைவிட வடிவாகத்தான் அடித்திருக்கிறாள். கோபிக்காதே.

எனக்குத்தான் சனிக்கிழமை பின்னேரங்கள் போவதில்லை. பிளாட் புஷ்ஷில் என் வீட்டிலிருந்து பாலம் தாண்டிக் கிளென்ஃபீல்டில் உன் வீட்டுக்கு வந்து, உன்னோடு வாய் வலிக்கக் கதைத்து, பிலோவின் கையால் சோறு தின்றுவிட்டுப் போகிறவன் நான். இப்போது வீட்டில் நான் தமிழில் ஒன்று கேட்க, பிள்ளைகள் இங்கிலிஷில் ஒரு சொல் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுகிறார்கள். சில நாள் காரை எடுத்துக்கொண்டு பாலத்துக்குக் கிட்ட வரை வந்து, திரும்பிப் போகிறேன். தனிமை என்றால் என்ன என்று எனக்கு இந்த வயதில்தான் விளங்குகிறது.

உன்னுடைய ஓராண்டுப் பூசைக்கு ஷெரின் நினைவு மலர் அடிக்கிறாள். உன் மகள் கெட்டிக்காரி. இங்கிலிஷ் பக்கங்களை அவளே எழுதுகிறாள். தமிழில் பாங்கொக் காலத்தைப் பற்றிப் பெரியப்பாதான் எழுத வேண்டும் என்று ஒரே பிடி. அந்த நாலு வருடத்தையும் கண்டவர் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். ஓம் என்று சொல்லிவிட்டு இரண்டு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். ‘இன்பத்திலும் துன்பத்திலும் இணைபிரியாது’ என்று எழுதியிருந்தேன். அதைவிடப் பெரிய பொய் உண்டா?

நடைக்கு வருகிறேன். மஞ்சள் குடையோடு எங்களைக் கூட்டிக்கொண்டு போன பிள்ளையின் பெயர் மாலி. அந்தத் தெருவிலேயே பிறந்த சீனத் தாய்லாந்துப் பிள்ளை. எட்டுப் பேர் நாங்கள். முதல் தரமா பாங்கொக் வருகிறீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டாள். என்னிடம் வந்தபோது ஓம் என்றேன்.

கறுத்த மணலில் கஜுக்கொட்டை மாதிரி ஏதோ வறுக்கிறார்களே, நீ ஒரு நாள் நிலத்தில் விழுந்ததைப் பொறுக்கித் தின்றாயே, அந்த இடத்தில்தான் முதல் நின்றோம். கஷ்கொட்டை என்று அதற்குப் பெயராம். பிறகு ஒரு பழைய கோயில், மருந்துக் கடை, சிப்பி போட்டுப் பொரித்த முட்டை. தன்னுடைய பாட்டன் சீனாவிலிருந்து ஒரு பாயோடும் தலையணையோடும் கப்பலில் வந்து இறங்கினாராம் என்று மாலி சொல்ல, எல்லோரும் ‘ஆ’ என்றார்கள். எங்களுக்குத் தலையணையும் இருக்கவில்லையடா என்று பக்கத்தில் திரும்பினேன். பக்கத்தில் ஒரு அவுஸ்திரேலியக் கிழவர் நின்றார்.

மாலி சந்திக்குச் சந்தி தலை எண்ணுவாள். ஒவ்வொரு தரமும் ஏழுதான் வரும். எட்டாவது நான், பத்தடி பின்னால். எத்தனை தரம் கையைக் காட்டிக் கூப்பிட்டாலும் கொஞ்ச நேரத்தில் கால் தானாகப் பிந்திவிடும். அவளுக்கு என்ன தெரியும்? எங்கள் ஆட்கள் இரண்டு பேர் சேர்ந்து போனால் பொலிஸுக்குக் கண்ணில் படும். அதனால் ஒருவன் முன்னுக்கு, மற்றவன் பத்தடி பின்னுக்கு. முன்னுக்குப் போகிறவன் பிடிபட்டால் பின்னுக்கு வருகிறவன் நிற்கக்கூடாது, பார்க்கக்கூடாது. அந்தச் சட்டத்தைப் போட்டது மூத்தவன் நான். கிளென்ஃபீல்ட் மோலிலும் நாங்கள் அப்படியே நடக்க, இரண்டு பேருக்கும் என்ன கோபமோ என்று பிலோ எத்தனை தரம் கேட்டிருப்பாள்!

நாலாவது கடை சூப் கடை. உள்ளே போகும் வரைக்கும் எனக்குத் தெரியவில்லை. சுவருக்கு வெள்ளைக் கல் பதித்து, பெரிய காற்றாடி பூட்டியிருக்கிறார்கள். ஆனால் வாசலில் அதே பெரிய பானை. அதே மிளகு மணம்.

அன்று காலை ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கோப்பை கழுவப் போகிறோம். நீ முன்னால் போனாய். சந்தியில் இரண்டு பொலிஸ்காரர் உன்னை மறித்தார்கள். நான் திரும்பி அந்தக் கடைக்குள் நுழைந்தேன். சும்மா இருந்தால் சந்தேகம் வரும் என்று பானையைக் காட்டினேன். பன்றிக்குடலும் சுருட்டின அரிசி நூடில்ஸும் போட்ட சூப் வந்தது. நீ எதிர்ப்பக்க நடைபாதையில் குந்தி இருந்தாய். வண்டி வருமட்டும் உன்னை அங்கேயே வைத்திருந்தார்கள்.

இதுவரைக்கும் சட்டப்படிதான். ஒருவரும் என்னைக் குறை சொல்ல ஏலாது. ஆனால் அதற்கு முந்தின நாள் மத்தியானத்துக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் சாப்பிடவில்லை, நினைவிருக்கிறதா? முதல் இரண்டு கரண்டியும் நடிப்புக்குக் குடித்தேன். பிறகு பசிக்குக் குடித்தேன். உன்னைப் பார்த்துக்கொண்டே கோப்பையைத் தூக்கி அடிமட்டும் குடித்தேன். நல்ல ருசியாக இருந்தது, அன்ரன். இத்தனை வருடமும் என் தொண்டையில் நிற்பது அதுதான். உன்னை விட்டுப்போட்டு ஓடியதைச் சட்டம் என்று சொல்லலாம். ருசித்ததை என்னவென்று சொல்ல?

வண்டியில் ஏறும்போது நீ கடைப்பக்கம் ஒரு தரம் திரும்பினாய். என்னைக் கண்டாயா?

ஏழு மாதம் உள்ளே இருந்தாய். என்னிடம் பேப்பர் இல்லை, வந்து பார்க்கவும் ஏலாது. வெளியே வரும்போது அந்த இருமலோடு வந்தாய். பிறகு அகதி என்று இரண்டு பேருக்கும் நியூசிலாந்து கிடைத்தது. இங்கே பதினேழு வருடம் அந்த இருமல் உன்னை விடவில்லை. போன வருடம் அதுதான் உன்னைக் கொண்டுபோனது. ஒரு சனிக்கிழமையாவது அந்தக் காலையைப் பற்றி நீ கதைத்திருப்பாயா? நானும் கேட்கவில்லை.

மாலி என் முன்னால் கோப்பையை வைத்தாள். ஒரு கரண்டி வாயில் வைத்தேன். அவ்வளவுதான், கண்ணால் கொட்டத் தொடங்கிவிட்டது. மிளகு கூடிவிட்டது என்று நினைத்து ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டு வந்தாள். பாவம். மிளகில்லை பிள்ளை, நான் முந்தி இந்தத் தெருவில் கோப்பை கழுவினவன் என்றேன். மிச்ச வழி முழுக்க என்னைத் தனக்குப் பக்கத்தில் நடக்கச் சொன்னாள். எனக்குப் பக்கத்தில் நடக்கத் தெரியவில்லை, நாலு தரம் அவளுடைய காலை மிதித்துவிட்டேன்.

போன சனிக்கிழமை மனதைத் திடப்படுத்திக்கொண்டு கிளென்ஃபீல்டுக்குப் போனேன். பிலோவிடம் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். தேத்தண்ணி தந்தாள். ஷெரின் தான் எழுதினதை லப்டொப்பில் காட்டினாள். நீ பிடிபட்ட நாளைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. அன்று பெரியப்பா காய்ச்சலோடு அறையில் படுத்திருந்தாராம்.

இது ஆர் சொன்னது என்று கேட்டேன்.

“அவர்தான் எப்பவும் சொல்லுவார், அண்ணை,” என்றாள் பிலோ. “அண்டைக்கு உங்களுக்குக் காய்ச்சல் வந்தபடியாத்தான் நீங்கள் தப்பினீங்கள் எண்டு. மாதா காப்பாத்தினவ எண்டு சொல்லுவார்.”

நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு ஓம் என்றேன்.

அப்படியென்றால் நீ என்னைக் கண்டிருக்கிறாய். காணாதவன் ஏன் எனக்குக் காய்ச்சல் வரவைக்க வேண்டும்? உன் வீட்டு மேசையில் நான் கூச்சமில்லாமல் கை நனைக்க வேண்டும் என்று உன் மனுசிக்கும் பிள்ளைக்கும் பொய் சொல்லி வைத்திருக்கிறாய். ஆரடா உன்னைக் கேட்டது? ஒரு நாள் என்னை நாலு ஏச்சு ஏசியிருக்கலாம். நான் அழுதிருப்பேன், நீயும் அழுதிருப்பாய், முடிந்திருக்கும். இப்போது நீ போய்விட்டாய், மன்னிப்புக் கேட்கவும் ஆளில்லாமல் நிற்கிறேன். உன்னில் எனக்குச் சரியான கோபம்.

அந்தப் பொய்க் காய்ச்சலுக்குள்ளேயே நான் படுத்துக்கிடக்கலாம். பிலோ என்னை அண்ணை என்றுதான் கூப்பிடுவாள், ஷெரின் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவாள். எனக்கு அந்த இரண்டு குரலையும் விட்டால் வேறு போக்கிடம் இல்லை. எவ்வளவு பயமாக இருக்கிறது தெரியுமா?

ஆனாலும் உனக்கு வாக்குத் தருகிறேன். வாற சனிக்கிழமை பாலம் தாண்டி வந்து இந்தக் கடிதத்தை நானே பிலோவின் கையில் கொடுப்பேன். ஷெரினுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, தாய்தான் அவளுக்கு வாய்விட்டு வாசிக்க வேண்டும். வாசித்து முடியும் வரை முன்னால் இருப்பேன், எழும்பிப் போகமாட்டேன். என்ன சொன்னாலும் கேட்பேன்.

ஷெரின், பிள்ளை, அந்த வரியை எடுத்துவிடு. உன் அப்பா பொய் சொல்லிவிட்டார். எனக்கு அன்று காய்ச்சல் இல்லை.

கூடப் பிறக்காத உன் கூடப்பிறப்பு,
உன் அண்ணை சிவம்