தேய்க்காமல் அனுப்பிய மூடி

அன்புள்ள பேத்திக்குப் பாட்டி எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, மாடியில் சின்னப்பாட்டி எல்லோரும் நலம். நலமில்லாதது என் மானம் ஒன்றுதான். நான் அனுப்பிய பெட்டியைப் பிரித்ததும் நீ போனில் ஐயோ பாட்டி என்று அலறியது இன்னும் காதிலேயே நிற்கிறது. குழாயடியில் கிடக்கும் செம்புப் பானையை அப்படியே அனுப்பு என்று நீ சொன்னது எனக்கு நன்றாகத்தான் கேட்டது. ஆனால் கண்ணு, அத்தனை படிப்பாளிகள் இருக்கும் உன் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் பச்சைக் களிம்பு பிடித்த பானை போனால், இந்த வீட்டுப் பெண்களுக்குக் கையே இல்லையா என்று கேட்கமாட்டார்களா? எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தோள்பட்டை கழலத் தேய்த்து, முகம் பார்க்கலாம் போல் ஆனபிறகுதான் மூச்சுவிட்டேன். உனக்கு வேண்டியது அந்தக் களிம்புதான் என்று நான் கண்டேனா! ஐந்தாவது படித்ததற்கே இப்படி, ஆறாவது படித்திருந்தால் அவளுடைய எக்ஸ்ரே மிஷினையே தேய்த்து வைத்திருப்பாய் அம்மா என்கிறான் உன் அப்பா. அவன் வெறும்வாய்க்கு நான்தானே அவல்.

நீ சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. மைதானம் போல வட்டக் கட்டடம், உள்ளே குழாயில் எலக்ட்ரான்கள் தலைதெறிக்க ஓடுகின்றன, திருப்பத்தில் வளையும்போது, ஈரத்துணியைச் சுழற்றினால் தண்ணீர் தெறிக்குமே, அப்படி எக்ஸ்ரே தெறிக்கிறது. அதைக் களிம்பின்மேல் விட்டால், அறுக்காமல் சுரண்டாமல் உள்ளே அடுக்கடுக்காக என்ன இருக்கிறது, அது செம்பைத் தின்கிறதா காக்கிறதா என்று தெரிந்துவிடும். இதை நான் எதிர்வீட்டுத் தையல்காரரிடம் சொன்னபோது தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார், தெரியுமா? ஆனால் அந்த எக்ஸ்ரேக்குக் காத்துக் காத்து உனக்குக் கிடைத்த முறை, பொருள் இல்லையென்றால் அடுத்தவருக்குப் போய்விடும் என்றாயே, அதுதான் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

அப்போதுதான் மூடி ஞாபகம் வந்தது. பானையோடு கூடப் பிறந்தது. எப்போதோ சின்னப்பாட்டி வாங்கிப்போய் மொட்டைமாடித் தொட்டியை மூடி வைத்தவள், தேய்த்துத் திருப்பிக் கொடு என்று நான் எத்தனை திட்டியும் அசையவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். பச்சைப்பசேலென்று களிம்பு, என்ன அழகு! அழுக்கைப் பார்த்து நான் ஆனந்தப்பட்டது அன்றைக்குத்தான். அவளோ இடுப்பில் கைவைத்துக்கொண்டு, நான் ஒண்ணும் சோம்பேறி இல்லக்கா, உங்க பேத்திக்காகத்தான் சேத்து வச்சேன் என்கிறாள். இப்போது அவள் வீட்டில் ஒரு பாத்திரம் கழுவுவதில்லை, கேட்டால் ஆராய்ச்சியாம்.

மூடியைச் சுற்றிக் கட்டியது உன் அப்பா. கை துறுதுறுக்கும் என்று என்னைப் பக்கத்திலேயே விடவில்லை. நேற்று அனுப்பியாகிவிட்டது, உன் முறைக்குள் வந்துவிடும் என்று கூரியர்க்காரர் தலையில் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்தார். எக்ஸ்ரே விடும் முன்னால் உள்ளே ஆளில்லையா என்று அறையைச் சுற்றிப் பார்த்துப் பூட்டுவோம் என்றாயே, அவசரத்தில் அதை விட்டுவிடாதே. வேளைக்குச் சாப்பிடு. நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இரு. மூடி கைக்கு வந்ததும் ஒரு வார்த்தை சொல், அதுவரை எனக்குச் சாப்பாடு இறங்காது.

எதையும் தேய்க்காமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்
உன் பாட்டி