‘எதுவானாலும் சரி’ என்று அழுத்திய மகளுக்கு

கடுகண்ணாவை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சுதர்சினிக்கு,

அப்பா எழுதுவது. அம்மா, தங்கச்சி தர்ஷிகா, நான் மூன்று பேரும் இருக்கிறோம். ‘சுகமாக’ என்ற சொல்லை உன் பதில் வந்த பிறகு சேர்த்துக்கொள்ளலாம். உன் போன் நீ வெளிநாட்டில் வேலை செய்யும் வீட்டு மேடத்தின் கையில் இருப்பதால், லீவு முடிந்து அங்கே பக்கத்து வீட்டு வேலைக்குத் திரும்பும் கலகெதர ஊர் ஸுலைஹாவிடம் இதைக் கொடுத்து விடுகிறேன். நீ குப்பை போட வெளியே வரும்போது தருவதாகச் சொன்னார். எட்டாம் வகுப்புக் கையெழுத்து, பொறுத்து வாசி.

நேற்று தர்ஷிகாவைக் கண்டிக்குக் கூட்டிப் போனேன். நீ போன அதே தொழில் வழிகாட்டி நிலையம், அதே கம்ப்யூட்டர். உள்ளே போகச் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். நான் கும்பிட்டும் இருப்பேன், பின்னால் ஆட்கள் நின்றதால் கையை அடக்கிக்கொண்டேன்.

பிள்ளையின் விருப்பங்களைக் கேட்டு, என்ன படிக்கலாம், என்ன வேலைக்குப் போகலாம் என்று அது சொல்லும் அல்லவா? உனக்கு ‘வீட்டில் முதியோர் பராமரிப்பு’ என்று வந்ததும், நான் வேலை செய்யும் முனாப் முதலாளி கடை முழுக்கச் சொல்லித் திரிந்தேனே, கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது என்று! உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடமும் பாஸான பிள்ளைக்கு ஏன் அப்படி வந்தது என்று நேற்றுத்தான் கேட்கத் தோன்றியது.

அங்கிருந்த மிஸ் உன் பதில்களைத் தேடிப் பார்த்தார். எல்லாக் கேள்விக்கும் ‘எதுவானாலும் சரி’ என்றே அழுத்தியிருக்கிறாய். நோயாளியைப் பார்த்துக்கொள்வாயா என்றதற்கு மட்டும் ‘மிகவும் விருப்பம்’. அப்போது அம்மா ஆப்பரேசன் முடிந்து படுத்திருந்தாள், வேறென்ன சொல்வாய்? அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டதாம் கம்ப்யூட்டர். வெளி ஆள் பால் டீயா, பிளேன்டீயா என்று கேட்டாலும் எதுன்னாலும் சரிங்க என்பதுதானே நம் வீட்டு மரியாதை. மிசினுக்கு அது எங்கே தெரியும்?

அக்காவுக்கு நில அளவை படிக்கத்தாம்பா ஆசை, உங்களுக்குத் தெரியாதா என்று பஸ்ஸில் தர்ஷிகா கேட்டாள். பேராதனை தாண்டும் வரை நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அவள் உன்னைப் போல் இல்லை. நோயாளிக் கேள்விக்கு ‘விருப்பமே இல்லை’ என்று மேசை ஆட அழுத்தினாள். அம்மாவுக்கு இப்போது மருந்து கொடுப்பதே அவள்தான்.

மேடம் போனைத் தந்த அன்று நீ அனுப்பிய போட்டோவில் இரண்டு கையிலும் கட்டுப் போட்டிருக்கிறது. துணி தேய்க்கும்போது அயன் பட்டுவிட்டது என்றாய். ரெண்டு கையிலயுமா படும் என்று அம்மா கேட்கிறாள். கசங்கிய சட்டையோடு கடைக்குப் போகிற எனக்கு அயனைப் பற்றி என்ன தெரியும்? அந்த வீட்டில் இருக்க முடியுதாம்மா என்று போனில் கேட்டேன். எப்படின்னாலும் சரிப்பா என்றாய். பின்னால் மேடத்தின் சத்தம் கேட்டது.

இப்போது கேட்பது கம்ப்யூட்டர் இல்லை, மகளே. அப்பா கேட்கிறேன். உனக்கு என்ன வேண்டும்? இந்த ஒரு தடவை மரியாதை பார்க்காதே. வீட்டுக்குப் போகணும் என்று ஸுலைஹாவிடம் சொல், போதும். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வாய் திறந்து கேட்காத பிள்ளைக்கும் கொடுக்கும்படி முருகனைக் கும்பிட்டபடி,

உன் அப்பா
அழகமுத்து